தன் மூளையையே தாக்கும் உடல்: தாமதமாக அறியப்படும் ஒரு நோய்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியால் பயணம் செய்வோர் கப்பல்துறையைக் கடந்து செல்வர். துறைமுகத்தைத் தன் பெயரிலேயே சுமந்து நிற்கும் அக்கிராமத்தில் ஒரு வீட்டை ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட எவரையும் மனதிற்கொண்டு நாம் இதனை எழுதவில்லை. மருத்துவ நூல்கள் கூறும் நோய்க்குறிகளை நம் மண்ணில் வைத்துப் பார்க்கின்றோம், அவ்வளவே.

அவ்வீட்டில் க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். நான்கைந்து நாட்களாகத் தலையிடி, இலேசான காய்ச்சல். 2017ஆம் ஆண்டில் கிண்ணியாவில் டெங்கு உயிர்களைக் காவுகொண்டதன் பின்னர் இப்பகுதியில் காய்ச்சல் என்றாலே முதலில் எழும் ஐயம் டெங்குதான். குருதிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை, காய்ச்சலும் தணிந்துவிடுகிறது. ஒரு வாரம் செல்கிறது. பிள்ளைக்கு உறக்கம் இல்லாமற் போகிறது. ஓயாமற் பேசுகிறாள். தாய் தரும் தேநீரில் ஏதோ கலந்திருப்பதாகக் கூறி அதனைக் கொட்டிவிடுகிறாள். அறையில் இல்லாத ஆட்களோடு கதைக்கிறாள். பின்னர் அந்தப் பேச்சே படிப்படியாகக் குறைந்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் நிலைக்கு வருகிறாள். வாய் எதையோ மெல்லுவதுபோல் அசைந்துகொண்டே இருக்கிறது. கைகள் காற்றில் எதையோ பின்னுகின்றன. "பிள்ளையில என்னவோ பிடிச்சிட்டுது" என்கிறார் அம்மம்மா.

இதன் பின்னர் நடப்பதை நம் வாசகர்கள் ஊகித்துக்கொள்வர். கோயிலில் நூல் கட்டுவர். அயல் வீட்டார் இஸ்லாமியராயின் ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுக்கச் சொல்வர். படித்தவர்கள் எனப்படுவோர் பரீட்சைப் பயம் என்றோ காதல் விவகாரம் என்றோ கூறுவர். முப்பது ஆண்டுப் போரையும் 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையையும் கண்ட கிழக்கு மாகாணத்திலே, மனக்காயம் என்ற விளக்கம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அந்த விளக்கம் பல வேளைகளிற் சரியானதுமாகும். ஆனால் கைக்கெட்டும் விளக்கம் என்பதாலேயே அதனை எடுத்துக்கொள்வதில் ஓர் ஆபத்து உண்டு. இந்தப் பிள்ளைக்கு வந்திருப்பது மூளையின் அழற்சியாக இருக்கலாம். அவ்வழற்சியை உண்டாக்குவது ஒரு கிருமியாக இல்லாமல், அவளது உடலே உற்பத்தி செய்த பிறபொருளெதிரியாகவும் இருக்கலாம். வாரக்கணக்கிற் காலம் தாழ்த்தினால் அவள் மூச்சு விடுவதற்கே இயந்திரத்தின் துணை தேவைப்படும் நிலை வரலாம். காலத்தோடு இனங்கண்டாலோ, அவள் மீண்டும் புத்தகத்தை எடுத்துப் படிக்கும் வாய்ப்பு மிகப் பெரிது.

பிறபொருளெதிரி என்பது நமது குருதியிலுள்ள ஒரு வகைப் புரதம். வெளியிலிருந்து நுழையும் கிருமியை அடையாளங்கண்டு அதன்மீது ஒட்டிக்கொள்வது அதன் வேலை. தடுப்பூசி ஏற்றுவதன் நோக்கமே இப்புரதத்தை முன்கூட்டியே தயார் செய்து வைப்பதாகும். சில வேளைகளில் இக்காவலருக்கு ஆள் மாறிவிடுகிறது. உடலின் சொந்த உறுப்பையே அந்நியன் எனக் கருதி அதன்மீது பாய்கிறார். மூட்டுவாதத்திலும் தைரொயிட் நோய்கள் சிலவற்றிலும் நடப்பது இதுவே. மூளை மட்டும் இத்தகைய தாக்குதலிலிருந்து பெரும்பாலும் தப்பியிருக்கும் என்ற எண்ணம் மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலவியது.

அந்த எண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய ஸ்பானிய நரம்பியல் வைத்தியர் ஜோசெப் டல்மாவ். சூலகத்தில் ஒரு வகைக் கட்டி இருந்த இளம் பெண்கள் சிலரிடம் மனக்குழப்பமும் வலிப்பும் மூச்சுத் தளர்வும் ஒருசேரத் தோன்றுவதை 2005ஆம் ஆண்டில் அவரும் அவரது குழுவினரும் வெளியிட்டனர். 2007ஆம் ஆண்டில் 12 நோயாளரை ஆராய்ந்து, அவர்களது பிறபொருளெதிரி எதன்மீது பாய்கிறது என்பதையும் கண்டுபிடித்தனர். மூளையின் நரம்புக் கலங்களின் மேற்பரப்பிலுள்ள என்.எம்.டி.ஏ. வாங்கியே அந்த இலக்கு. கற்றலுக்கும் நினைவாற்றலுக்கும் இன்றியமையாத வாங்கி அது.

துறைமுகத்தை அருகில் வைத்திருப்போருக்கு இதனை விளக்குவது எளிது. ஒரு நரம்புக் கலத்திலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி கொண்டுசெல்லும் இரசாயனத்தைச் சரக்குக் கப்பல் எனக் கொண்டால், வாங்கி என்பது அச்சரக்கு இறங்கும் துறையாகும். பிறபொருளெதிரியானது இரு கைகள் கொண்ட அமைப்பு. அது இரண்டு வாங்கிகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. அவ்வாறு பிடிபட்ட வாங்கிகளைக் கலம் தனக்குள்ளே இழுத்துக்கொள்கிறது. இறங்குதுறைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கப்பல்கள் வந்தும் சரக்கை இறக்க இடமில்லை. அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்காகப் பயன்படும் கெட்டமைன் என்ற மருந்தும் இதே வாங்கியைத்தான் அடைக்கிறது. அம்மருந்திலிருந்து விழித்தெழுவோர் சிலர் இல்லாததைக் கண்டதாகக் கூறுவது இதனாலேயே. மருந்தின் விளைவு சில மணி நேரத்தில் நீங்கிவிடும். பிறபொருளெதிரியின் விளைவோ உடல் அதனை உற்பத்தி செய்யும் வரை நீடிக்கும்.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றுண்டு. துறை மறைந்ததே தவிர நரம்புக் கலம் பெரும்பாலும் சாகவில்லை. பிறபொருளெதிரியை அகற்றினால் வாங்கிகள் மீண்டும் மேற்பரப்புக்கு வருகின்றன. மாதக்கணக்கில் நினைவின்றிக் கிடந்தவரும் எழுந்து நடப்பது இதனாலேயே சாத்தியமாகிறது. கலத்தின் உட்பகுதியை இலக்காகக் கொண்ட வேறு சில பிறபொருளெதிரிகள் உள்ளன. அவை புற்றுநோயோடு சேர்ந்து வருவன. அங்கு கலங்களே அழிந்துபோவதால் மீட்சி அரிது. அவற்றை இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

2009ஆம் ஆண்டில் நியூயோர்க் போஸ்ட் பத்திரிகையின் செய்தியாளரான சூசன்னா கஹாலன் என்ற 24 வயதுப் பெண் இந்நோய்க்கு ஆளானார். குடிப்பழக்கம் என்றும் மனநோய் என்றும் வைத்தியர்கள் சிலர் கருதியிருக்க, சூஹெல் நஜ்ஜார் என்ற வைத்தியர் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து மணிக்கூட்டின் முகத்தை வரையச் சொன்னார். அவர் எல்லா இலக்கங்களையும் வட்டத்தின் ஒரு பக்கத்திலேயே எழுதினார். மூளையின் ஒரு பாதி சரிவர இயங்கவில்லை என்பதற்கு அத்தாள் சான்றாயிற்று. விலையுயர்ந்த படங்கள் காட்டாததை ஒரு பென்சில் காட்டியது. அவர் குணமடைந்து 2012இல் எழுதிய நூல் இந்நோயை உலகறியச் செய்தது. மனிதருக்கு மட்டும் உரியதும் அல்ல இது. பேர்லின் விலங்குக் காட்சிச்சாலையில் 2011இல் பார்வையாளர் முன்னிலையில் நீரில் விழுந்து இறந்த நூட் என்ற வெண்கரடிக்கும் இந்நோயே இருந்ததென 2015இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

இந்நோய் நம்மவர்க்கு முற்றிலும் புதியது என எண்ணுவதும் பிழை. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடவேண்டும் என்ற பேச்சை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 1911இல் இந்தியாவின் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய அத்தடுப்பூசி, ஆட்டின் மூளையில் விசர்நாய்க்கடி வைரஸை வளர்த்து, பின்னர் அதனைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் குன்னூரில் 1907இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் பல பத்தாண்டுகள் இதனை உற்பத்தி செய்தது. எண்ணற்ற உயிர்களை அது காத்தது. அதேவேளை, ஊசி ஏற்றிக்கொண்டோரிற் சிலருக்குக் கைகால் வழங்காமற் போனது, சிலர் நினைவிழந்தனர். ஊசியிலிருந்த ஆட்டு மூளையை எதிர்க்கப் புறப்பட்ட உடல், தன் சொந்த மூளையையும் அதனோடு சேர்த்துத் தாக்கியதே காரணம். நியூயோர்க்கில் தோமஸ் ரிவர்ஸ் என்பவர் 1930களில் குரங்குகளுக்கு முயலின் மூளைச் சாற்றை மீண்டும் மீண்டும் ஏற்றி இதனை நிறுவிக் காட்டினார். தாய்லாந்தில் இத்தகைய ஊசியால் பாதிக்கப்பட்டோரை ஆராய்ந்தவர்கள், நரம்பைப் போர்த்தியுள்ள உறையின் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரிகளை 1987இல் எடுத்துக்காட்டினர். இந்தியாவில் அவ்வூசியின் உற்பத்தி 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே கைவிடப்பட்டது. இன்று நமக்குப் போடப்படும் விசர்நாய்க்கடி ஊசியில் மூளைத் திசு இல்லை. பழைய கதையைக் கேட்டு எவரும் ஊசிக்கு அஞ்சிவிடலாகாது என்பதற்காக இதனை அழுத்திச் சொல்கிறோம்.

இலங்கைக்கு வருவோம். மூளைக் காய்ச்சல் என்றதும் நம் வைத்தியர்களுக்கு நினைவுக்கு வந்தவை வேறு. மலேரியா மூளைக்கு ஏறிய காலம் ஒன்றிருந்தது. 2016 செப்டெம்பரில் இந்நாடு மலேரியாவற்றதாக அறிவிக்கப்பட்டது. 1985–86இல் அநுராதபுரப் பகுதியில் ஜப்பானிய மூளை அழற்சி பரவியது. 1988 முதல் அதற்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டு வருகிறது. இவ்வாறு கிருமிகளின் வழி ஒவ்வொன்றாக அடைபட்ட பின்னரும் காரணம் புலப்படாத மூளை அழற்சிகள் எஞ்சி நின்றன. கலிபோர்னியாவில் 30 வயதுக்குட்பட்டோரின் மூளை அழற்சிகளை ஆராய்ந்தவர்கள், தனித்தனியே எந்த வைரஸையும்விட என்.எம்.டி.ஏ. பிறபொருளெதிரியே அதிகமாகக் காணப்பட்டதென 2012இல் எழுதினர். இங்கும் தேடுவோர் வேண்டியிருந்தனர். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் நரம்பியல் பேராசிரியர் தஷி சாங் தலைமையிலான குழு அதனைச் செய்தது. அரச வைத்தியசாலைகளில் இந்நோய் எனச் சந்தேகிக்கப்பட்ட 142 பேரின் மாதிரிகளை ஆராய்ந்து அக்குழு 2021இல் முடிவுகளை வெளியிட்டது. நாட்டின் 25 மாவட்டங்களில் 21 மாவட்டங்களிலிருந்து அந்நோயாளர் வந்திருந்தனர் என்பது நம் கவனத்துக்குரியது. அவர்களிற் பாதிப்பேர் ஏறத்தாழ இருபது வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். கண்டறியப்பட்ட பிறபொருளெதிரிகளுள் முதலிடம் என்.எம்.டி.ஏ.வுக்கே. நம் ஊரில் இந்நோய் இல்லை என்று சொல்வதற்கு இனி இடமில்லை.

எவ்வாறு இனங்காண்பது? மனநோய்கள் பெரும்பாலும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மெல்ல உருவாகின்றன. இந்நோய் நாட்களிலும் வாரங்களிலும் முற்றுகிறது. முன்பு மனநோய் எதுவுமில்லாத ஓர் இளம் வயதினருக்குத் திடீரெனப் புத்தி தடுமாறி, அதனுடன் வலிப்போ, பேச்சுக் குன்றுதலோ, வாய் கைகளின் இடையறாத அசைவோ, சிலைபோல் உறைந்திருத்தலோ, காரணமின்றி நாடித்துடிப்பும் குருதியமுக்கமும் ஏறி இறங்குதலோ சேர்ந்து வந்தால் ஐயம் எழவேண்டும். மனநோய்க்குரிய மருந்து கொடுத்ததும் உடல் விறைத்துக் காய்ச்சல் கண்டு நிலைமை மோசமாவதும் ஓர் அறிகுறி. சிறு பிள்ளைகளில் வலிப்பும் உறக்கமின்மையும் அடங்காத எரிச்சலும் முன்னே நிற்கும். 2013இல் வெளியான 577 நோயாளர் பற்றிய பன்னாட்டு ஆய்வில் ஐவரில் நால்வர் பெண்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் 18 வயதுக்குட்பட்டவர்கள். ஏறத்தாழ 38 வீதமானோருக்குக் கட்டி இருந்தது, அதுவும் பெரும்பாலும் சூலகத்தில். ஆகவே மூளை நோய்க்காக வந்த பெண்ணின் வயிற்றை ஏன் ஸ்கான் செய்கிறார்கள் என்று வீட்டார் சினங்கொள்ளத் தேவையில்லை. அக்கட்டியில் நரம்புத் திசுவும் இருப்பதுண்டு. அதனை எதிர்க்கப் போய்த்தான் உடல் மூளையைத் தாக்கத் தொடங்குகிறது. கட்டியை அகற்றுவது சிகிச்சையின் ஒரு பகுதி.

மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டோம், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள் எனப் பலர் மனம் ஆறுவர். மேற்கூறிய ஆய்வில் மூன்றில் இருவருக்கு அப்படம் மாறுபாடின்றியே இருந்தது. மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் எளிய பரிசோதனையோ பத்தில் ஒன்பது பேரிடம் கோளாற்றைக் காட்டியது. இறுதியாக உறுதி செய்வது, முதுகெலும்பின் அடியில் ஊசியிட்டு எடுக்கப்படும் மூளைய முண்ணாண் பாய்பொருளில் பிறபொருளெதிரியைத் தேடும் சோதனை. குருதியில் மட்டும் தேடினால் ஏறத்தாழ ஏழு நோயாளரில் ஒருவர் தப்பிவிடலாம். இங்கேதான் நம் வீடுகளில் பெரும் தடை எழுகிறது. முதுகில் ஊசி போட்டால் கால் வழங்காது என்ற அச்சம் கிழக்கிலும் வடக்கிலும் வேரூன்றியிருக்கிறது. ஊசி செலுத்தப்படும் இடத்தில் முண்ணாண் முடிந்துவிட்டிருக்கும். ஓரிரு நாள் தலையிடி சிலருக்கு வரலாம். கையொப்பமிட மறுத்துப் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் தந்தையின் அச்சம் நமக்குப் புரிகிறது. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் கடமை வைத்தியருக்கும் உண்டு. நோயாளியின் மொழியிலேயே பதில் சொல்லவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்வோம்.

முதியோரிடம் இந்நோயின் உறவினம் ஒன்று வேறு முகத்தோடு வருகிறது. எல்.ஜி.ஐ.1 என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியால் உண்டாவது அது. ஐம்பது அறுபது வயதைத் தாண்டியோருக்கே, அவர்களுள்ளும் ஆண்களுக்கே, அதிகம். ஒரு கையும் அதே பக்க முகமும் சில வினாடிகள் வெட்டி இழுக்கும்; ஒரு நாளிற் பலமுறை. கையிலிருக்கும் தேநீர்க் கோப்பை தவறி விழும். நாட்கள் செல்ல ஞாபகம் தடுமாறும். குருதியில் சோடியம் குறைந்திருக்கும். அதனைச் சாதாரண ஆய்வுகூடமே காட்டிவிடும். வயது போனால் மறதி வருவது இயல்பு என்று விட்டுவிடப்படும் முதியவர்களுள் சிலர் இவ்வாறு சிகிச்சையால் மீளக்கூடியவர்கள். அதேபோல், ஹேர்பிஸ் வைரஸால் மூளை அழற்சி வந்து தேறியவர் சில வாரங்களின் பின் மீண்டும் குழம்பினால், வைரஸ் திரும்பிவிட்டது என்று மட்டும் கருதலாகாது. அத்தகையோரில் நான்கில் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோரிடம் தன்னெதிர்ப்பு அழற்சி தொடர்ந்ததென ஸ்பானிய ஆய்வொன்று 2018இல் காட்டியது.

சிகிச்சை என்பது தாக்குதலை அடக்குவதே. நாளுக்கு ஒரு கிராம் அளவில் ஸ்டீரொயிட் மருந்தை மூன்று முதல் ஐந்து நாட்கள் நாளத்தினூடாக ஏற்றுவர். நன்கொடையாளர் பலரின் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும் இம்யூனோகுளோபியூலினை ஏற்றுவர். அல்லது குருதியின் திரவவிழையத்தை இயந்திரத்தின் மூலம் மாற்றுவர். முதற்கட்டச் சிகிச்சையில் நான்கு வாரங்களுக்குள் ஏறத்தாழ பாதிப்பேர் தேறத் தொடங்குகின்றனர். தேறாதோருக்கு ரிட்டுக்சிமாப் போன்ற இரண்டாங்கட்ட மருந்துகள் உண்டு. இரண்டாண்டு முடிவில் 81 வீதமானோர் தம் காரியங்களைத் தாமே செய்யும் நிலைக்கு வந்திருந்தனர். விரைவில் சிகிச்சை தொடங்கியோரே அதிகம் தேறினர்.

மேற்சொன்ன இம்யூனோகுளோபியூலின் என்ற சொல்லை இந்நாட்டு வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக முன்பே அறிவர். 2022இன் பொருளாதார வீழ்ச்சியில் வைத்தியசாலைகள் மருந்தின்றித் தவித்ததன் பின்னர், 2023இல் அரச வைத்தியசாலைகளுக்கு அப்பெயரில் வழங்கப்பட்ட குப்பிகள் தரமற்றவை எனக் கண்டறியப்பட்டன. போலி ஆவணங்களின் மூலம் அவை உள்ளே வந்தன என்பது குற்றச்சாட்டு. முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். குற்றத்தைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. அதனுள் நாம் நுழையவில்லை. ஆயினும் ஊழல் பற்றிய அந்நாளைய கூக்குரலில், அக்குப்பி யாருக்காக வாங்கப்பட்டது என்ற கேள்வி பெரிதும் மறைந்துபோனது. நரம்பும் மூளையும் தம் உடலாலேயே தாக்கப்பட்டுக் கட்டிலிற் கிடப்போர் அதற்காகக் காத்திருப்போருள் அடங்குவர். சரியான நோயைச் சரியான நேரத்திற் கண்டறிந்த வைத்தியரின் உழைப்பையும் ஒரு போலிக் குப்பி வீணாக்கிவிடும்.

கப்பல்துறை வீட்டுக்குத் திரும்புவோம். நூல் கட்டுவதை நாம் குறைகூற வரவில்லை. நேர்த்தி வைப்பதும் ஓதிப் பார்ப்பதும் ஒரு தாயின் மனத்துக்குத் தெம்பு தருமாயின் அதனைப் பிடுங்குவதற்கு நாம் யார்? நூலைக் கட்டிக்கொண்டே அன்றைக்கே திருகோணமலை வைத்தியசாலைக்குச் செல்லலாம் என்பதே நாம் கூறுவது. அங்கே உளநலப் பிரிவுக்கு அனுப்பினாலும் அதில் இழுக்கில்லை. கவனமுள்ள உளநல வைத்தியரே பல வேளைகளில் முதலில் இதனைச் சந்தேகிப்பவர். அங்கொடை என்ற பெயரைக் கேட்டதும் முகத்தை மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் உண்டு. அம்மறைப்பினால் வீட்டார் காய்ச்சலையும் வலிப்பையும் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். எந்த நாளில் தலையிடி தொடங்கியது, எந்த நாளில் உறக்கம் போனது, எந்த நாளில் பேச்சுக் குறைந்தது என்பதை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொண்டுபோனால், அத்தாள் வைத்தியருக்குப் பெரும் உதவியாகும். இது மூளை அழற்சியாக இருக்குமா, நரம்பியல் நிபுணரிடம் காட்டலாமா என்று கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கொழும்புக்கு அனுப்ப நேர்ந்தால், சுமார் 260 கிலோமீற்றர் பயணமும், அங்கு வாரக்கணக்கில் தங்கி நிற்கும் ஒருவரின் நாட்கூலி இழப்பும் வீட்டாரின் தலையிலேயே விழும். மாவட்டங்களிலிருந்து மாதிரிகளை அனுப்பி முடிவு பெறும் ஒழுங்கும், தங்கி நிற்போருக்கான ஓர் ஏற்பாடும் இருந்தால் இச்சுமையில் பாதி குறையும். மாகாண சபைக்கும் மத்திய அமைச்சுக்கும் இதிற் பங்குண்டு.

தேறுதல் மெதுவாகவே வரும். நோய்க்குறிகள் வந்த வரிசைக்கு ஏறத்தாழ எதிர் வரிசையில் அவை விலகுகின்றன. முதலில் மூச்சும் நாடியும் சீராகும். பின்னர் அசைவுகள் அடங்கும், பேச்சுத் திரும்பும். நினைவாற்றலும், திட்டமிட்டுச் செயலாற்றும் திறனும், மனிதரோடு பழகும் பாங்கும் கடைசியாகவே வரும். அதற்கு மாதங்கள் செல்லும், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகும். அவ்வாண்டுப் பரீட்சையை அவள் தவறவிடுவாள். பாடசாலை அவளை அடுத்த ஆண்டு ஏற்றுக்கொள்ள வேண்டும். வகுப்புத் தோழியர் பழைய கதையைக் கிளறாதிருக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு நோய் மீளக்கூடுமாகையால் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வதை நிறுத்தலாகாது. தேநீரைக் கொட்டியதையும், இல்லாதவரோடு கதைத்ததையும், அம்மம்மா அழுததையும் அவளிடம் கேட்டால் ஒன்றும் தெரியாது என்பாள். நோயின் உச்சத்திலிருந்த வாரங்கள் பெரும்பாலானோரின் நினைவில் பதிவதேயில்லை. அவற்றை நினைவில் வைத்திருப்பவர்கள் கட்டிலருகே இருந்தவர்கள் மட்டுமே.